ஆடையிலிருந்து பிறக்கும் கட்டடம்: நகர ஃபேஷன் அருங்காட்சியகத்தை எங்கிருந்து வரையத் தொடங்குவது?

கேள்வியின் சுருக்கம் இது. நகரின் நடுவே 50 மீட்டருக்கு 40 மீட்டர் மனை. அதில் ஒரு ஃபேஷன் அருங்காட்சியகம் வர வேண்டும், அதன் வடிவம் ஆடையிலிருந்து பிறக்க வேண்டும். முதல் ஓவியத்தில் 24 மீட்டர் உயரத்துக்கு, மடிப்பு வைத்த பாவாடை விரிந்து இறங்குவது போன்ற ஒரு கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது. இதை எப்படி முன்னெடுப்பது, எங்கே இடறும்?

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆடையின் வெளிக்கோட்டை எடுக்காதீர்கள். துணி எப்படி வெட்டப்படுகிறது, எங்கே தைக்கப்படுகிறது, உடம்பில் எந்த இடத்திலிருந்து தொங்குகிறது, உள்ளே எத்தனை அடுக்கு இருக்கிறது என்பவற்றை எடுங்கள். வெளிக்கோட்டில் ஒரே ஒரு யோசனைதான் இருக்கும், பார்த்ததும் அது தீர்ந்துவிடும். வெட்டிலும் தையலிலும் முகப்பு, கூரை, சுவர், வாசல், நடைபாதை ஒவ்வொன்றுக்கும் விடை இருக்கிறது.

மொராக்கோவின் மராகேஷ் நகரில் 2017இல் திறக்கப்பட்ட, ஈவ் சான் லோரான் என்ற ஆடை வடிவமைப்பாளருக்கான அருங்காட்சியகம் இதற்கு நல்ல சான்று. ஸ்டுடியோ கே.ஓ. என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த அந்தக் கட்டடம் எந்த உடுப்பின் உருவமும் அல்ல. வெளிச்சுவரில் செங்கற்களைப் பாவும் ஊடையும் போல அடுக்கியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் கோட்டின் லைனிங் போல வழவழப்பான, மெல்லிய பரப்புகள். சியோலில் 2015இல் கட்டடக் கலைஞர் கிறிஸ்தியான் த போர்ட்சாம்பார்க் டியோர் ஃபேஷன் நிறுவனத்துக்குக் கட்டிய கடை வேறு வழியில் போகிறது: துணி நெளிவதைப் பெரிய வார்ப்புப் பலகைகளாகவே நிறுத்தியது. இரண்டின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைக்கு இரண்டாவது வழி பொருந்தும். பல பத்தாண்டுகள் ஒரு தொகுப்பைக் காக்க வேண்டிய கட்டடத்துக்கு முதல் வழியில்தான் கற்க நிறைய இருக்கிறது.

முதலில் வெளிச்சம்

கண்ணாடிப் பாவாடை ஏன் ஒத்துவராது என்பதற்குக் காரணம் வெளிச்சம். பழைய பட்டு, சாயமிட்ட பருத்தி, கம்பளி எல்லாம் வெளிச்சத்தில் மங்கிப் போகும், இழை நொறுங்கும், அந்தச் சேதத்தைத் திரும்பப் பெற முடியாது. அதனால் துணிகளுக்குக் காட்சிக்கூடத்தில் 50 லக்ஸ்தான் வழக்கமான உச்ச வரம்பு (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ்). வெளியே நேர் வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும். இடையில் இருக்கும் வித்தியாசம் 2,000 மடங்கு.

வரம்பை மணிக்கணக்கிலும் பார்க்க வேண்டும், ஏனென்றால் வெளிச்சத்தின் சேதம் கூடிக்கொண்டே போகிறது. 50 லக்ஸில் நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 1,20,000 லக்ஸ் மணி. ஒரு ஜன்னல் வழியாக 500 லக்ஸ் விழுந்தால் அதே அளவை 30 நாளில் அந்த உடை வாங்கிவிடும். இதனால்தான் ஒரு பழைய உடையை மூன்று நான்கு மாதம் காட்டிவிட்டு நீண்ட ஓய்வு கொடுக்கிறார்கள். புற ஊதாக் கதிரை லூமனுக்கு 75 மைக்ரோவாட்டுக்குக் கீழே வைப்பது பழைய விதி. எல்.இ.டி. விளக்கில் அது கிட்டத்தட்ட இல்லாததால், இன்று அதைவிட வெகு கீழே போவது எளிது.

ஆக, உங்கள் கட்டடத்தின் பெரும்பகுதிக்கு ஜன்னலே தேவையில்லை. இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அலுவலகக் கட்டடத்தின் முகப்பு ஒவ்வொரு மேசைக்கும் வெளிச்சம் தர வேண்டிய கட்டாயத்தில் மாட்டிக்கொள்கிறது. உங்கள் முகப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நினைத்த இடத்தில் மடிக்கலாம், மூடலாம், சுருக்கலாம்.

இருட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. வெயிலிலிருந்து நேராக 50 லக்ஸ் அறைக்குள் வருகிறவருக்குக் கறுப்பு வெல்வெட்டும் கருநீலப் பட்டும் ஒன்றாகவே தெரியும். கண் பழகப் பல நிமிடம் வேண்டும். அதைக் கட்டடம்தான் கொடுக்க வேண்டும்: முன்கூடத்தில் 300 லக்ஸ், அடுத்த நடைபாதையில் 150, காட்சிக்கூடத்துக்கு முந்திய அறையில் 80, பிறகு 50. நடக்கும் தூரமும் இருட்டும் சேர்ந்தே கூட வேண்டும். வெளியேறும் வழியிலும் இதே படிகள் தலைகீழாக வர வேண்டும். பலர் இதை மறந்து, கடைசி அறையின் கதவைத் திறந்ததும் வெயில் உள்ளே விழும்படி வரைந்துவிடுகிறார்கள்.

மூன்று அடுக்கு

நல்ல கோட்டில் வெளித்துணி, நடுவில் விறைப்புத் துணி, உள்ளே லைனிங் என்று மூன்று அடுக்கு இருக்கும். மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அருங்காட்சியகத்துக்கும் இந்த அமைப்பு அப்படியே பொருந்துகிறது.

வெளி அடுக்கு மழையையும் வெயிலையும் வாங்குகிறது, நகரத்துக்கு முகம் காட்டுகிறது. அதற்கு உள்ளே ஒரு காற்று இடைவெளி. அதற்கும் உள்ளே, வெப்பக் காப்பும் ஈரத்தடுப்புப் படலமும் கொண்ட, ஏறத்தாழ ஜன்னலே இல்லாத பெட்டி. காட்சிக்கூடமும் சேமிப்பறையும் இந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. பெட்டிக்குள் 18 முதல் 22 டிகிரி செல்சியஸ், 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணைவிட முக்கியம், அது திடீரென்று ஏறி இறங்காமல் இருப்பது. ஈரம் ஏறி இறங்கும்போது வெவ்வேறு இழைகள் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும். பட்டின் மேல் தைத்த மணியும் ஜரிகையும் அந்த இழுபறியில்தான் பிய்கின்றன.

இடைவெளியின் அகலத்தை இங்கேயே முடிவு செய்யுங்கள். பராமரிப்புக்கு ஒருவர் நுழைந்து நடக்க 90 சென்டிமீட்டர் போதும். பார்வையாளர் சுற்றி ஏறும் சாய்தளத்தை அங்கே வைக்க ஆசை வரும், ஏனென்றால் உடுப்புக்கும் லைனிங்குக்கும் நடுவே நடக்கிற அனுபவம் அழகானது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு தளத்துக்கு 6 மீட்டர் உயரம், 1:15 சரிவு என்றால் 90 மீட்டர் சாய்தளம். ஒவ்வொரு 75 சென்டிமீட்டர் ஏற்றத்துக்கும் ஒன்றரை மீட்டர் சமதளம் கொடுத்தால் நடுவில் ஏழு வரும்; மொத்தம் 100 மீட்டர். அகலம் 2.7 மீட்டர் வைத்து 45க்கு 35 மீட்டர் கட்டடத்தைச் சுற்றினால் ஒரு தளத்தில் 400 சதுர மீட்டர் போய்விடும். அது தளத்தின் கால் பங்கு. தரைத்தளத்திலிருந்து முதல் காட்சிக்கூடம் வரை மட்டும் சாய்தளம் வையுங்கள். இருட்டுக்குக் கண்ணைப் பழக்கும் பாதையாகவும் அதுவே இருக்கட்டும். மற்ற தளங்களுக்கு லிஃப்ட்டும் படிக்கட்டும் போதும்.

மடிப்பு, டார்ட், கிராஸ்: எது எதற்கு

துணிக்கும் தகட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நெய்த துணி நூலோட்டத்துக்குக் குறுக்கே, அதாவது 45 டிகிரி கிராஸில், இழுபடும். பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் மதலேன் வியோனே தன் கிராஸ் வெட்டு உடைகளைக் கட்டியதே இந்தக் குணத்தின் மேல்தான். அலுமினியத் தகடு அப்படி இழுபடாது. அது ஒரு திசையில் மட்டும் வளையும். இரு திசையிலும் ஒருசேர வளைய வேண்டுமானால் அச்சில் அழுத்தியோ வார்த்தோதான் ஆக வேண்டும். விலை வரிசையும் இதுதான்: சமதளப் பலகை மலிவு, ஒரு திசை வளைவு அதைவிட அதிகம், இரு திசை வளைவு பல மடங்கு. ஓவியத்தில் துணி போல ஓடும் பரப்பை வரைந்துவிட்டுக் கடைசியில் முக்கோணச் சில்லுகளாக உடைக்க வேண்டி வருவது இந்த வரிசையை முதலிலேயே பார்க்காததால்.

எனவே தையற்காரர் செய்வதையே செய்யுங்கள். சமதளத் துணியை உருண்டையான உடம்பில் பொருத்த அவருக்கு மூன்று வழி உண்டு: மடிப்பு, டார்ட், தையல் கோடு.

மடிப்பைப் பார்ப்போம். தகட்டை மடித்தால் விறைப்பு கூடுகிறது, எவ்வளவு என்று தெரிந்தால் வியப்பாக இருக்கும். 3 மில்லிமீட்டர் தகட்டை 150 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மடித்தால், அதே அகலத் தகட்டின் வளைவெதிர்ப்பு கணக்குப்படி 2,500 மடங்கு ஆகிறது, ஏனென்றால் அது ஆழத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கம். நடைமுறையில் மடிப்பு முனைகள் விரிந்துவிடாமல் பிடித்தால்தான் இதில் பெரும்பங்கு கிடைக்கும். மேலும் கீழும் ஒரு முனைச்சட்டம் கட்டாயம். இதற்குக் கொடுக்கும் விலை, பொருள். மடிப்பின் பக்கங்கள் 45 டிகிரி என்றால் 1.41 மடங்கு தகடு, 60 டிகிரி என்றால் இரண்டு மடங்கு. உங்கள் மனையில் எல்லாப் பக்கமும் இரண்டரை மீட்டர் விட்டால் சுற்றளவு 160 மீட்டர். 24 மீட்டர் உயரத்துக்கு 3,840 சதுர மீட்டர் முகப்பு. 45 டிகிரியில் அது சுமார் 5,430 ஆகிறது, 60 டிகிரியில் 7,680. முழு மடிப்புப் பாவாடைக்கு இடுப்பளவைப் போல மூன்று மடங்கு துணி கேட்பதும் இதே கணக்கின் வேறு முகம்தான்.

இன்னொரு விதி மனப்பாடமாகவே இருக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு மடிப்புக் கோடுகள் இணையாக இருந்தாலோ, நீட்டினால் ஒரு புள்ளியில் சந்தித்தாலோ அவற்றுக்கு நடுவே உள்ள பலகை சமதளமாக இருக்கும். இரண்டும் இல்லாமல் ஒன்றுக்கொன்று திருகி நின்றால் பலகையும் திருகும். பாவாடை போல மேலே குறுகி, கீழே விரியும் மடிப்புகளை, எல்லாக் கோடுகளும் உயரே ஒரு பொதுப் புள்ளியில் சந்திக்கும்படி வரைந்தால் ஒவ்வொரு பலகையும் சமதளச் சரிவகம் ஆகிவிடும். உங்கள் ஓவியத்தின் பாவாடையை இந்த ஒரு திருத்தத்தோடு காப்பாற்றலாம். இடுப்பில் ஒரு சுழற்சி சேர்த்து மடிப்புகளைச் சாய்த்துவிட்டால் மட்டும் செலவு வேறு உலகத்துக்குப் போய்விடும்.

டார்ட் என்பது சமதளத்திலிருந்து ஓர் ஆப்பை வெட்டியெடுத்து ஓரங்களைச் சேர்ப்பது. உடனே ஒரு கூம்பு எழும். வாசல் விதானம், கூரையின் புடைப்பு, பேரரங்கின் மேற்பரப்பு போன்ற இடங்களுக்கு இது ஏற்றது. 6 மீட்டர் ஆரமுள்ள ஒரு குவிமாடத்தை 12 கீற்றுகளாகத் தைத்தால், ஒவ்வொரு கீற்றின் நடுவும் உண்மையான கோளத்திலிருந்து அதிகபட்சம் 20 சென்டிமீட்டர் விலகும். கீற்றுகளை 24 ஆக்கினால் விலகல் 5 சென்டிமீட்டர். எண்ணிக்கை இரட்டித்தால் பிழை கால் பங்காகிறது. 24 என்பது கண்ணுக்கு உருண்டையாகவே தெரியும், ஒவ்வொரு கீற்றும் ஒரு திசையில் மட்டும் வளைந்தது. தையல் கோடுகளை மறைக்காதீர்கள். அவைதான் இந்தக் கட்டடத்தின் பேச்சு.

உண்மையான துணியே வேண்டும் என்றால் இழுவிசைப் படலம் இருக்கிறது. கண்ணாடி இழையில் டெஃப்லான் பூசியது 25 ஆண்டுக்கு மேல் உழைக்கும், பி.வி.சி. பூசிய பாலியெஸ்டர் 15 முதல் 20 ஆண்டு. படலத்தைத் தொங்கவிட்டால் காற்றில் படபடத்துக் கிழியும். ஒரு திசையில் குழிந்து, மறு திசையில் குவிந்த சேண வடிவத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். வெட்டும்போதே வேண்டிய அளவைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டுவார்கள். இழுத்ததும் சரியான அளவுக்கு வரும். பாவுக்கும் ஊடைக்கும் இந்தக் குறைப்பு வெவ்வேறு, அதை அந்தந்தச் சுருளைச் சோதித்துத்தான் முடிவு செய்ய முடியும். அலட்சியமாக விட்டால் ஓரத்தில் சுருக்கம் விழும், பிறகு எடுக்கவே முடியாது.

எதிலிருந்து தொங்குகிறது

உடையின் எடையைத் தோளும் இடுப்பும் தாங்குகின்றன. மற்ற இடங்களில் அது உடம்பைத் தொட்டும் தொடாமலும் போகிறது. முகப்பையும் அப்படியே கட்டுங்கள். கூரை மட்டத்தில் ஒரு வளைய உத்தரம் தோள், நடுத்தளத்தில் இன்னொன்று இடுப்பு. பலகைகள் மேல்முனையில் எடையைக் கொடுத்துத் தொங்கட்டும். கீழ்முனையில் நீள்துளைப் போல்ட்டு, பக்கவாட்டுக் காற்றை மட்டும் தாங்கும்படி. இரு முனையையும் இறுக்கினால் வெயிலில் விரியும் தகட்டுக்குப் போக்கிடம் இல்லாமல் நடுவே புடைக்கும். 6 மீட்டர் அலுமினியப் பலகை 60 டிகிரி வெப்ப மாற்றத்தில் 8 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். கருநிறப் பலகைக்கு 60 டிகிரி மாற்றம் சாதாரணம். கட்டுமானப் பிழையையும் சேர்த்துத் தையல் இடைவெளியை 15 மில்லிமீட்டராவது வையுங்கள்.

மடிப்பு வேலைப்பட்டறையில் கவனிக்க வேண்டியது துளைகள். சல்லடைத் துளையிட்ட தகட்டை மடிக்கும்போது மடிப்புக் கோட்டை ஒட்டிய துளைகள் நீள்வட்டமாகி விடும், சில சமயம் விரிசல் விடும். உள்வளைவு ஆரத்தோடு தகட்டுத் தடிமனைப்போல் மூன்று மடங்கைச் சேர்த்து, அந்த அகலத்துக்கு மடிப்பின் இரு பக்கமும் துளையில்லாத பட்டை விடுங்கள். ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே இதற்கு நேரெதிரான வரிசையைக் காட்டினார்: உடையைப் பெரிதாக வெட்டித் தைத்து முடித்த பிறகே வெப்ப அழுத்தத்தில் மடிப்பு வைத்தார். பாலியெஸ்டர் வெப்பத்தில் வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்வதால் அது நடந்தது. உலோகத்தில் அந்த வரிசையைப் பின்பற்ற முடிகிற இடமும் உண்டு: பலகைகளைச் சமதளமாகவே பற்றவைத்து, தேய்த்து, கடைசியில் மடித்தால் பற்றுத் தழும்பு மட்டத்திலேயே சீராகிவிடும்.

முகப்பில் தவறு நடக்கும் இடங்களில் மோசமானது குழிவான பளபளப்பு. லண்டனில் 20 ஃபென்சர்ச் தெருக் கட்டடத்தின் குழிந்த கண்ணாடி முகப்பு 2013இல் வெயிலைக் குவித்துக் கீழே நின்ற காரின் பாகங்களை உருக்கியது. பிறகு வெயில் தடுப்புப் பட்டைகள் பொருத்தினார்கள். லாஸ் ஏஞ்சலஸின் டிஸ்னி இசையரங்கிலும் பளபளத்த உலோகப் பகுதிகளைத் தேய்த்து மங்கச் செய்ய நேர்ந்தது. உங்கள் மடிப்புகளின் பள்ளங்கள் தெற்கோ மேற்கோ பார்த்து வளைந்திருந்தால், சூரியப் பாதையைக் கணினியில் ஓட்டிப் பார்க்காமல் எதையும் உறுதிசெய்யாதீர்கள். பட்டுப் பளபளப்புக்கு ஆசைப்பட்டால் மங்கல் பூச்சில் அதைத் தேடுங்கள்.

செங்குத்து மடிப்பில் மழை தானாகக் கழுவிப் போகும். கழுத்துச் சரிவு போலக் கிடைமட்டமாக விழும் மடிப்பில்தான் தண்ணீர் தேங்கும், தூசி படியும், முதல் மழைக்காலத்திலேயே கறுப்புக் கோடுகள் இறங்கும். அப்படி ஒரு மடிப்பு வேண்டுமென்றால் அதன் மேற்பரப்பை உள்நோக்கிச் சாய்த்து மறைவான வடிகாலுக்குக் கொண்டுபோங்கள். புறாக்கள் உட்காராதிருக்க வெளியே தெரியும் விளிம்புகளை 45 டிகிரிக்கு மேல் சாய்க்க வேண்டும்.

காற்று இடைவெளி தீயின் புகைபோக்கியாகவும் மாறும். ஒவ்வொரு தளத்திலும் மடிப்பின் வடிவத்துக்கே வெட்டிய தீத்தடுப்புப் பட்டை வேண்டும். நேர்ப்பட்டை வைத்தால் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு முக்கோண ஓட்டை மிஞ்சும். வெளிப்பலகையும் காப்புப் பொருளும் எரியாதவையாக இருக்கட்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

கீழ் ஓரம்

பாவாடையின் ஓரம் தரையைத் தொட்டால் அழுக்காகும். கட்டடத்துக்கும் அப்படித்தான். தெருவைப் பார்த்த பக்கங்களில் ஓரத்தை 3.5 முதல் 4.5 மீட்டர் வரை தூக்கி நிழல் கொடுங்கள். மற்ற பக்கங்களில் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கல் அடிப்பட்டை. தூக்கிய ஓரம் மெல்லச் சரிந்து தரைக்கு வரும் மூலையில் 2.1 மீட்டருக்குக் கீழே தலை இடிக்கும். பார்வையற்றவரின் ஊன்றுகோலுக்கு அது தட்டுப்படாது. அங்கே ஓர் இருக்கையோ செடித்தொட்டியோ வைத்து வழியை அடைத்துவிடுங்கள். வாசல் ஒரு பிளவாக, இரண்டு மடிப்புகள் ஒன்றின் மேல் ஒன்று விலகும் இடமாக இருக்கலாம்.

உள்ளே: உடைகள் கேட்கும் அளவுகள்

இதைத்தான் முதலில் வரைய வேண்டும் என்று வாதிடுவேன், ஏனென்றால் ஓவியத்தில் அழகாக இருந்த பல யோசனைகள் இங்கே உடைகின்றன. 1860களின் கிரினோலின் பாவாடை (உள்ளே வளையச் சட்டம் வைத்து விரித்தது) ஒன்று கீழே ஒன்றரை மீட்டருக்கு மேல் விரியும். 18ஆம் நூற்றாண்டு அரசவை உடைகளில் சில, இடுப்பின் இரு பக்கமும் சேர்த்து இரண்டு மீட்டரைத் தொடும். இவற்றை அலங்கரித்த பொம்மையோடு அப்படியே நகர்த்த வேண்டும். காட்சிக்கூடத்தில் வைத்து உடுத்துவது கடைசி வழி. எனவே சேமிப்பறையிலிருந்து காட்சிப்பேழை வரை எல்லாக் கதவும் 2.4 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம். சரக்கு லிஃப்ட்டின் உள்ளளவு குறைந்தது 3 மீட்டருக்கு 2.4 மீட்டர். வழியில் ஒரு படியோ வாசற்படியோ கூடாது. மணிவேலை உடைக்கு ஒரு குலுக்கலே போதும்.

காட்சிப்பேழையின் உள் ஆழம் பெரிய உடைகளுக்கு 2.2 மீட்டர், சாதாரண உடைகளுக்கு ஒன்றரை. விளக்குப் பெட்டி பேழையின் மேலே தனியாக இருக்க வேண்டும், அப்போதுதான் பேழையைத் திறக்காமலே விளக்கை மாற்ற முடியும், வெப்பமும் உள்ளே போகாது. கண்ணாடி, இரும்புச்சத்து குறைந்த, பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சுள்ள அடுக்குக் கண்ணாடி. 50 லக்ஸ் அறையில் சாதாரணக் கண்ணாடி வைத்தால் பார்வையாளர் தன் முகத்தைத்தான் பார்ப்பார். பேழைக்குள் எம்.டி.எஃப். பலகை (மர இழையைப் பசையோடு அழுத்திச் செய்தது) வேண்டாம், அதிலிருந்து கசியும் அமில ஆவி துணியையும் உலோக இழையையும் கெடுக்கும். உள்ளே போகும் ஒவ்வொரு பூச்சும் பசையும் முன்னதாகச் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

உடையின் பின்புறத்தை மறந்துவிடுகிறார்கள். வெட்டின் நுட்பம் பெரும்பாலும் முதுகிலும் அக்குள் தையலிலும்தான் தெரியும். பேழையைச் சுவரோடு ஒட்டினால் பாதிக் கதை போய்விட்டது. முக்கியமான உடைகளைச் சுற்றி வர வழி விடுங்கள். பேழை இல்லாத திறந்த மேடை என்றால் 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரம், கைக்கெட்டாத 1.2 மீட்டர் இடைவெளி. சுற்றி நடக்கும் இடமும் சேர்த்து, உடை போட்ட ஓர் உருவத்துக்கு 6 முதல் 8 சதுர மீட்டர் என்று கணக்கிடுங்கள். 900 சதுர மீட்டர் கூடத்தில் சுமார் 120 உருவம். அதற்கு மேல் நெருக்கினால் துணிக்கடை ஆகிவிடும்.

மொத்தப் பங்கீட்டுக்கு ஒரு தொடக்கம் தருகிறேன். நிகரப் பரப்பு 5,000 சதுர மீட்டர்: காட்சிக்கூடங்கள் 1,500, சேமிப்பு 1,000, பழுதுபார்ப்பும் உடுத்தும் அறையும் தனிமைப்படுத்தும் அறையும் சேர்ந்து 450, முன்கூடம், கடை, உணவகம் 700, பயிலரங்கும் நூலகமும் 450, நிகழ்ச்சி அரங்கு 400, அலுவலகம் 250, சரக்கு வரவு 250. சுவர், படிக்கட்டு, இயந்திர அறைகளுக்காக 1.45ஆல் பெருக்கினால் 7,250. 6 மீட்டர் உயரமுள்ள நான்கு தளமும் ஒரு அடித்தளமும் இதற்குச் சரியாக இருக்கும். காட்சியில் இல்லாத மேனிக்வின் பொம்மைகளுக்கு மட்டும் 75 சதுர மீட்டர் ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் நடைபாதையில் நிற்கும்.

சேமிப்பறையை எங்கே வைப்பது? அடித்தளத்தில் வெள்ளம் வரும், மேல்தளத்தில் கூரை ஒழுகும். நடுத்தளம்தான் பாதுகாப்பு. மேலும் கீழும் காட்சிக்கூடம் இருந்தால் நகர்த்தும் தூரமும் குறையும். 6 மீட்டர் உயரத்தை இரும்புத் தட்டியால் இரண்டு அடுக்காகப் பிரித்துக்கொள்ளலாம். அதன் மேலே கழிவறையோ சமையலறையோ தண்ணீர்க் குழாயோ போகக் கூடாது. கிராஸ் வெட்டு உடைகளையும் கனமான மணிவேலை உடைகளையும் தொங்கவிட்டால் தம் எடையிலேயே நீண்டு கிழியும். அவற்றுக்குப் படுக்கை இழுப்பறைகள், 2 மீட்டர் நீளத்துக்கு. 20ஆம் நூற்றாண்டின் ரப்பர், பி.வி.சி., பாலியூரித்தேன் உடைகள் ஆவி விடுபவை. காற்றோட்டம் உள்ள தனி அறையில் பிரித்து வையுங்கள்.

பூச்சி பற்றி ஒரு பத்தி எழுதாமல் விட முடியாது. கம்பளிக்கும் பட்டுக்கும் துணி அந்துப்பூச்சியும் கார்ப்பெட் வண்டும் எதிரிகள். ஒரே ஒரு உடையில் வந்து மொத்தத் தொகுப்பையும் தின்னும். எனவே சரக்குக் கதவிலிருந்து வரும் எதுவும் முதலில் தனிமைப்படுத்தும் அறைக்குத்தான் போக வேண்டும், வேறு வழியே வரைபடத்தில் இருக்கக் கூடாது. அங்கே பாலித்தீனில் காற்று நீக்கிச் சுற்றி, மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள் அல்லது மைனஸ் 20இல் இரண்டு வாரம் உறையவிடுவார்கள். வெளியே எடுத்ததும் ஒரு நாள் பிரிக்கவே கூடாது. பிரித்தால் காற்றின் ஈரம் துணிமேல் நீராகப் படியும். உறையவிட முடியாத பொருள்களுக்கு ஆக்சிஜன் நீக்கிய உறையில் சில வாரம். இந்த அறைக்குத் தனிக் காற்றோட்டம் வேண்டும். உணவகத்தை இதன் எதிர்மூலையில் வையுங்கள்.

நிகழ்ச்சி அரங்கில் ஃபேஷன் ஷோவுக்கான நடைமேடை போட்டால் பலரும் மேடையை மட்டும் வரைகிறார்கள். பின்னால் உடை மாற்றும் இடம் மேடையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஒருவர் சும்மா நின்றாலே மணிக்கு 50 கிராமுக்குக் குறையாமல் ஈரத்தைக் காற்றில் விடுகிறார், 100 வாட் வெப்பத்தையும். 200 பேர் என்றால் மணிக்கு 10 லிட்டர் தண்ணீரைக் காற்றில் ஊற்றுவதற்குச் சமம். அரங்கின் குளிர்சாதனம் காட்சிக்கூடத்தோடு கலக்கக் கூடாது. ஒலிபெருக்கியின் தாழ்ந்த அதிர்வு பொம்மைகளை ஆட்டும் என்பதால் அரங்கின் தளத்தையும் பிரித்துவிடுங்கள்.

மாதிரி செய்வது

காடாத்துணியைத் தொங்கவிட்டு வடிவம் தேடுவது சரியான தொடக்கம். ஆனால் துணி அளவுத்திட்டத்துக்குச் சுருங்காது. ஒரு மடிப்பின் அகலத்தைத் துணியின் விறைப்பும் எடையும் தீர்மானிக்கின்றன. சாதாரணக் காடாவில் மடிப்பு 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1:50 மாதிரியில் அது 4 மீட்டர் கட்டட மடிப்பு, 1:100இல் 8 மீட்டர். 1 மீட்டர் மடிப்பு வேண்டுமானால் 1:50இல் 2 சென்டிமீட்டருக்கு மடியும் துணி வேண்டும். மெல்லிய பட்டோ அதைவிட நுண்ணியதோ தேடுங்கள், இல்லாவிட்டால் 1:20க்குப் பெரிதாக்குங்கள்.

தொங்கும் துணி முழுக்க இழுவிசையில் நிற்கிறது. அதை அப்படியே காங்கிரீட்டில் நிறுத்தினால் நிற்காது. தலைகீழாகக் கவிழ்த்தால் இழுவிசை எல்லாம் அழுத்தமாகிவிடும். சுவிஸ் பொறியாளர் ஹைன்ஸ் இஸ்லர் நனைத்த துணியைக் குளிரில் உறையவிட்டுக் கவிழ்த்து மெல்லிய கூடுகளுக்கு வடிவம் தேடியது இப்படித்தான். எனவே கூரைக்குக் கவிழ்த்த துணி, முகப்புக்குத் தொங்கும் துணி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வடிவம் பிடித்ததும் துணி மாதிரியில் மடிப்புக் கோடுகளை மை கொண்டு குறித்து, பிரித்துச் சமதளமாக விரியுங்கள். கையில் கிடைப்பது ஒரு வெட்டுப்படம். அதைக் கெட்டி அட்டையில் வெட்டி மறுபடி மடித்துப் பாருங்கள். அட்டை இழுபடாததால், துணி எங்கே ரகசியமாக இழுபட்டிருந்தது என்பது அந்த இடத்தில் பிளந்தோ புடைத்தோ காட்டிக்கொடுக்கும். அங்கேதான் டார்ட்டோ தையலோ வர வேண்டும். இந்த இரண்டாவது அட்டை மாதிரியைத் தவிர்த்துவிட்டு நேராகக் கணினிக்குப் போகாதீர்கள்.

சமர்ப்பிக்கும்போது வெளித்தோற்றப் படம் ஒன்று போதும். அதைவிட, மூன்று அடுக்கும் தெரியும் 1:200 வெட்டுமுகம், ஒரு மடிப்பைக் கூரையிலிருந்து கீழ் ஓரம் வரை காட்டும் 1:20 சுவர் வெட்டுமுகம், தொங்கும் போல்ட்டும் தீத்தடுப்பும் வடிகாலும் உள்ள 1:5 விவரம், முழு முகப்பையும் பிரித்துப் போட்ட வெட்டுப்படம் ஆகிய நான்கையும் வரையுங்கள். கட்டும் வாய்ப்பு கிடைத்தால், இரண்டு மடிப்பும் ஒரு தையலும் ஒரு மூலையும் கொண்ட முழு அளவுத் துண்டு ஒன்றை முதலில் நிறுத்தி, தண்ணீர் பீய்ச்சிப் பார்த்து, ஒரு வெயிலும் ஒரு மழையும் போன பிறகு மற்ற பலகைகளுக்கு ஆணை கொடுங்கள்.